பெமெட்ரெக்செட் ஊசி: பாதுகாப்பு குப்பிக்கு வெளியே இருக்கிறது

நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஊசி மருந்துகளில், பெமெட்ரெக்செட் அளவுக்கு நல்ல பெயரையும் அதனாலேயே வரும் அலட்சியத்தையும் ஒருசேரச் சந்திக்கும் மருந்து வேறொன்றை நான் பார்த்ததில்லை. பத்து நிமிடங்களில் ஏறி முடிந்துவிடுகிறது. தலைமுடி முழுவதும் கொட்டிப்போவது அரிது. தனியாகத் தரப்படும்போது வாந்தியும் பெரிதாக இருப்பதில்லை. பெரும்பாலோர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 'இது லேசான கீமோதான்' என்று ஒரு நோயாளி இன்னொருவருக்குச் சொல்வதைப் பகல்நேரச் சிகிச்சைக் கூடத்தில் அடிக்கடி கேட்கலாம். புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்துகளைக் கலந்து கொடுக்கும் மருந்தாளுநர் என்ற முறையில் அந்தப் பேச்சைப் பாதிதான் நான் ஒப்புக்கொள்வேன். முன்னேற்பாடுகள் அனைத்தும் சரியாக நடந்திருந்தால் மட்டுமே இது லேசான மருந்து. அவற்றுள் ஒன்று தவறினாலும் எலும்பு மஜ்ஜையையும் வாயையும் குடலையும் கடுமையாகத் தாக்கக்கூடிய மருந்து. ஆகவே இந்த மதிப்பீட்டில் குப்பிக்குள் இருப்பதைக் காட்டிலும் அதைச் சுற்றி நடக்க வேண்டியவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

மருந்தின் பிறப்பிலிருந்து தொடங்குவது அவசியம், ஏனெனில் அதன் ஆபத்தும் அதற்கான காப்பும் அங்கேயே இருக்கின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டெய்லர், வண்ணத்துப்பூச்சியின் சிறகு நிறமிகளில் காணப்படும் ஒரு வளைய அமைப்பின்மீது இளம் வயதிலேயே ஈடுபாடு கொண்டவர். அதே அமைப்பு ஃபோலிக் அமிலத்திலும் (ஃபோலேட் என்னும் பி வைட்டமினின் மாத்திரை வடிவம்) இருக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியை ஃபோலேட் எதிர்ப்பு மருந்துகளின் பக்கம் திருப்பியது. எலி லில்லி நிறுவனத்துடன் இணைந்து அவர் உருவாக்கிய மூலக்கூறு, 2004 பிப்ரவரியில் மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஏற்கெனவே ஒரு கீமோ பெற்றுவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் 'அலிம்டா' என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2008இல் முதல்கட்டச் சிகிச்சைக்கும் 2009இல் தொடர் பராமரிப்புச் சிகிச்சைக்கும் ஒப்புதல் விரிந்தது. இந்த வம்சாவளியின் தொடக்கத்தில் நமக்கு நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்தான், 1940களில் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தினார். முதல் ஃபோலேட் எதிர்ப்பு மருந்துகளும் அங்கிருந்தே வந்தன. மெத்தோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் என்றால் பெமெட்ரெக்செட் பிற்காலத்து உறுப்பினர்.

உயிரணு பிளவுபட டிஎன்ஏ வேண்டும்; டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களைச் செய்ய ஃபோலேட் வேண்டும். பெமெட்ரெக்செட் ஃபோலேட்டின் உருவத்தை ஒத்திருப்பதால் அணுவுக்குள் எளிதாக நுழைந்து, அங்கே நீண்ட நேரம் தங்கும்படி மாற்றப்பட்டு, தைமிடிலேட் சிந்தேஸ் உள்ளிட்ட மூன்று நொதிகளை முடக்குகிறது. வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் முதலில் பட்டினியாகின்றன. ஆனால் நம் எலும்பு மஜ்ஜையும் வாயின் உட்தோலும் குடலின் உட்புறமும் கூட வேகமாகப் பெருகும் திசுக்கள்தாம். உடலில் ஃபோலேட்டும் பி12 வைட்டமினும் முன்பே குறைந்திருக்கும் ஒருவருக்கு இந்த ஊசி ஏறும்போது, நல்ல திசுக்களுக்குத் தாங்கும் வலு இருப்பதில்லை.

இது வெறும் ஊகமாகச் சொல்லப்பட்டதன்று. மருந்தின் தொடக்ககாலச் சோதனைகளில் சில நோயாளிகளுக்கு வெள்ளையணுக்கள் கடுமையாக வீழ்ந்து, மருந்தின் நச்சுத்தன்மையாலேயே உயிரிழப்புகளும் நேர்ந்தன. யாருக்கு இப்படி நேர்கிறது என்று ஆராய்ந்தபோது, இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு உயர்ந்திருந்தவர்கள், அதாவது ஃபோலேட்டோ பி12ஓ போதாதவர்கள், முன்னிலையில் இருந்தார்கள். அதன்பின் மீசோதீலியோமாவுக்கான பெரிய சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதில் பங்கேற்ற அனைவருக்கும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கப்பட்டன. நச்சு விளைவுகள் வெகுவாகக் குறைந்தன. மருந்தின் பலன் குறையவில்லை. எந்தச் சத்தைத் தடுப்பதற்காக மருந்தைச் செலுத்துகிறோமோ அந்தச் சத்தையே கையில் கொடுத்து உட்கொள்ளச் சொல்வது நோயாளிகளின் குடும்பத்தாருக்கு முரணாகத் தெரிகிறது. 'சத்து மாத்திரை சாப்பிட்டால் கட்டியும் வளருமே' என்று அஞ்சி, ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த அச்சத்தின் பின்னே ஒரு நியாயமான தர்க்கம் இருப்பதால்தான் அதை மறுத்துவிட்டு நகராமல், மேலே சொன்ன வரலாற்றை அவர்களுக்கு உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாருக்கு இந்த மருந்து என்பதில் இதைப் போல் தெளிவான வரம்பு கொண்ட கீமோ மருந்துகள் குறைவு. சிறு உயிரணு அல்லாத நுரையீரல் புற்றுநோயில், அடினோகார்சினோமா போன்ற, ஸ்க்வாமஸ் (தட்டையான அணுக்களிலிருந்து தோன்றும் வகை) அல்லாத வகைகளுக்கே இது உரியது. 2008இல் வெளியான, 1,725 பேரைக் கொண்ட சோதனையில் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்துடன் பெமெட்ரெக்செட்டும், சிஸ்பிளாட்டினுடன் ஜெம்சிட்டபினும் ஒப்பிடப்பட்டன. மொத்தமாகப் பார்த்தபோது இரு பிரிவிலும் இடைநிலை ஆயுள் 10.3 மாதமாகவே இருந்தது. திசு வகைப்படி பிரித்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது: ஸ்க்வாமஸ் அல்லாதவர்களுக்குப் பெமெட்ரெக்செட்டுடன் 11.8 மாதம், ஜெம்சிட்டபினுடன் 10.4 மாதம், ஸ்க்வாமஸ் வகையினருக்கோ நிலைமை தலைகீழ், 9.4 மாதமும் 10.8 மாதமும். ஆகவே பயாப்ஸி அறிக்கையில் திசு வகை தெளிவாக எழுதப்படாமல் 'நுரையீரல் கார்சினோமா' என்று மட்டும் இருந்தால், அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இந்த மருந்தைத் தொடங்குவது முறையாகாது. திசு வகையைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களுக்கான பரிசோதனையும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் அவை இருந்தால் சிகிச்சையின் வரிசையே மாறிவிடும். அங்கும் பெமெட்ரெக்செட்டுக்கு இடம் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் கொண்ட 350 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிப் மாத்திரையுடன் பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் ஊசிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக நீண்டது. நச்சு விளைவுகளும் கூடின என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இதன் சாந்தமான இயல்பு உண்மையானதே. இரண்டாம் கட்டச் சிகிச்சையில் டோசிடாக்சலுடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், ஆயுள் நீட்டிப்பு ஏறக்குறையச் சமமாக இருந்தது. ஆனால் வெள்ளையணுக் குறைவோடு காய்ச்சல் வருவது டோசிடாக்சல் பெற்றோரில் 12.7 சதவீதமாகவும் பெமெட்ரெக்செட் பெற்றோரில் 1.9 சதவீதமாகவும் இருந்தது. அந்த 1.9 என்ற எண், வைட்டமின்கள் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டவர்களிடமிருந்து பெறப்பட்ட எண் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஒழுங்கு இதுதான். முதல் ஊசிக்கு ஏழு நாள் முன்பே ஃபோலிக் அமிலம் தினமும் 400 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை தொடங்கப்பட வேண்டும். இடைவெளியின்றித் தொடர வேண்டும். அதே ஒரு வாரத்துக்கு முன்பு பி12 வைட்டமின் 1 மில்லிகிராம், தசையில் ஊசியாகப் போடப்பட வேண்டும். பிறகு மூன்று சுழற்சிக்கு (ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரையான மூன்று வாரம் ஒரு சுழற்சி) ஒருமுறை, அதாவது ஏறத்தாழ ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை, அது மீண்டும் வர வேண்டும். இவ்விரண்டிலும் நம் ஊரில் நடக்கும் வழுக்கல்கள் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. மருந்துக்கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது 5 மில்லிகிராம் மாத்திரை; அது மேற்சொன்ன உச்ச அளவைப் போல் ஐந்து மடங்கு. கடைக்காரரும் வாங்குபவரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. எந்த அளவு வேண்டும் என்பதைச் சீட்டில் மில்லிகிராமாகவோ மைக்ரோகிராமாகவோ முழுச் சொல்லில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும், வாங்கிய அட்டையை அடுத்த வருகையில் மருந்தாளுநரிடம் காட்டுவதும் போதும், இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் பல்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கக்கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பி12ஐப் பொறுத்தவரை, ஊசிக்குப் பதிலாக மாத்திரை போதாது என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. நரம்புத் தளர்ச்சிக்குப் போடப்படும் ஏதோ ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசியைச் சில வாரங்களுக்கு முன் உள்ளூரில் போட்டுக்கொண்டதை இதற்கு ஈடாகக் கருதிவிடக் கூடாது. அதில் எவ்வளவு பி12 இருந்தது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது காப்பு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. ஊசிக்கு முந்தைய நாள், ஊசி நாள், மறுநாள் என மூன்று நாளும் 4 மில்லிகிராம் மாத்திரை காலையும் மாலையும். இது வாந்திக்காக மட்டும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. முதன்மையான நோக்கம், பெமெட்ரெக்செட் தோலில் உண்டாக்கும் கடுமையான தடிப்பைத் தடுப்பது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த மூன்று நாளும் சர்க்கரை சட்டென்று ஏறும், அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு வருபவர்கள் கணிசமானோர். நிறுத்துவது தீர்வன்று. அந்த மூன்று நாளுக்கான இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரையின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே தீர்வு. நம் மாநிலத்தில் வயது முதிர்ந்த நோயாளிகளில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை எண்ணினால், இந்த உரையாடல் ஒவ்வொரு முதல் சுழற்சிக்கு முன்பும் தவறாமல் நடக்க வேண்டிய ஒன்று.

அடுத்து சிறுநீரகம். என் பார்வையில் இந்த மருந்தின் பாதுகாப்பில் மிக முக்கியமானதும் மிக எளிதாகத் தவறவிடப்படுவதும் இதுவே. செலுத்திய மருந்தில் 70 முதல் 90 சதவீதம் வரை முதல் 24 மணி நேரத்திலேயே மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடலிலேயே தங்கி, நச்சு விளைவைக் கூட்டிவிடும். சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகத்தைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்ற வீதம் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் இதைத் தரக் கூடாது என்பது விதி. இங்கேதான் ஆய்வகச் சீட்டு நம்மை ஏமாற்றுகிறது. 70 வயது, 45 கிலோ எடை கொண்ட ஒரு பெண்மணிக்கு இரத்தக் கிரியாட்டினின் 1.1 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆய்வகச் சீட்டுகளில் அந்த எண் தடித்த எழுத்தில் கூட வராது, இயல்பு என்றே தோன்றும். ஆனால் வழக்கமான காக்கிராஃப்ட் கால்ட் சூத்திரத்தில் அவருடைய வயதையும் எடையையும் பாலினத்தையும் இட்டுக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 34 மட்டுமே. அவருக்கு இந்த மருந்து உகந்ததன்று. மெலிந்த உடல்வாகும் முதிய வயதும் கொண்ட நோயாளிகள் நம்மிடையே அதிகம் என்பதால், 'கிரியாட்டினின் நார்மல்தான்' என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்து ஊசிக்கு அனுமதி தரக் கூடாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் அன்றைய எடையோடு கணக்கிட்ட எண் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளியின் பிள்ளைகள் அந்த எண்ணைக் கேட்பதை எந்த நல்ல மருத்துவமனையும் தவறாக எடுத்துக்கொள்ளாது.

சிறுநீரகத்தோடு பிணைந்தது வலி மாத்திரைகளின் பிரச்சினை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் முதுகுவலியும் இடுப்புவலியும் ஓயாது; சீட்டில்லாமலேயே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைகள் தெருமுனைக் கடையில் கிடைத்துவிடுகின்றன. இவ்வகை மாத்திரைகள் பெமெட்ரெக்செட் சிறுநீரில் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. கிரியாட்டினின் வெளியேற்ற வீதம் 45க்கும் 79க்கும் இடையில் உள்ளவர்கள் ஊசிக்கு இரண்டு நாள் முன்பிருந்து ஊசிக்கு இரண்டு நாள் பின்புவரை ஐபுப்ரோஃபெனைத் தவிர்க்க வேண்டும் என்று குறிப்பேடு வரையறுக்கிறது. உடலில் அதிக நேரம் தங்கும் பிற வலி மாத்திரைகளுக்கு இடைவெளி இன்னும் நீள வேண்டும். நடைமுறையில், நுரையீரல் புற்றுநோய்க்கு இந்த ஊசி பெறும் எவரும் தம் மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் தவிர வேறெந்த வலி மாத்திரையையும் தொடாதிருப்பதே நன்று. பெயரில் பாராசிட்டமால் இருந்தாலும் கூடவே இன்னொன்று கலந்திருக்கிறதா என்று அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வலி தாங்கமுடியாமல் இருந்தால் மார்ஃபின் உள்ளிட்ட முறையான வலி நிவாரணம் இருக்கிறது; வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரையும் நான் சொல்லவில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் அதையும் ஊசிக்கு முன் மருத்துவர் கவனத்தில் கொள்வார், தேவைப்பட்டால் வடித்துவிட்டுத் தொடங்குவார்.

தயாரிப்பு அறையில் இது பழகுவதற்கு இனிய மருந்து. உறைநிலையில் உலர்த்தப்பட்ட பொடியாக 100 மில்லிகிராம், 500 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. பொடியை அறை வெப்பநிலையில் வைத்துக்கொள்ளலாம் என்பது குளிர்சங்கிலி அறுந்துபோகும் நம் நிலைமைகளில் பெரிய வசதி. 500 மில்லிகிராம் குப்பியில் 20 மில்லிலிட்டரும் 100 மில்லிகிராம் குப்பியில் 4.2 மில்லிலிட்டரும் பதப்படுத்திகள் சேராத 0.9 சதவீத சோடியம் குளோரைடு கரைசலை விட்டு மெதுவாகச் சுழற்றினால் மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் செறிவுள்ள தெளிந்த கரைசல் கிடைக்கும். நிறமற்றதாகவோ மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருப்பது இயல்பே; துகள்கள் தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அதை மேலும் அதே சலைனில் 100 மில்லிலிட்டராக்கிச் செலுத்துகிறோம். கலந்தபின் குளிர்பெட்டியில் 24 மணி நேரம்வரை வைக்கலாம். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது அளவு. 150 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடற்பரப்பு சுமார் 1.44 சதுர மீட்டர். அவருக்கு ஏறத்தாழ 720 மில்லிகிராம் வருகிறது. இதை 700ஆக்கி ஒரு பெரிய குப்பியும் இரண்டு சிறிய குப்பிகளும் போதும்படி செய்வதா, மூன்றாவது சிறிய குப்பியையும் திறந்து மீதியைக் கொட்டுவதா என்ற முடிவு மருத்துவருடையது. ஐந்து சதவீதத்துக்கு உட்பட்ட இத்தகைய மாற்றத்தைப் பல புற்றுநோய் மையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. கையிலிருந்து செலவு செய்யும் குடும்பத்துக்கு அது கணிசமான உதவி.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன். இந்த மருந்துக்குக் கால்சியம் ஆகாது. நம் வார்டுகளில் 'ஆர்.எல்.' என்று சொல்லப்படும் ரிங்கர் லாக்டேட் பாட்டில் கை நீட்டும் தூரத்திலேயே தொங்கும். அதில் கால்சியம் இருக்கிறது. அதில் கலக்கவும் கூடாது, அது ஓடிக்கொண்டிருக்கும் அதே குழாயில் இதை இணைக்கவும் கூடாது, ஏனெனில் கரைசல் திரிந்துவிடும். சிஸ்பிளாட்டினுக்காக நீர்ச்சத்து ஏற்றும் நாளில் எந்தப் பாட்டில் ஓடுகிறது என்பதைச் செவிலியர் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. பெமெட்ரெக்செட் முடிந்து சுமார் அரைமணி நேரம் கழித்தே சிஸ்பிளாட்டின் தொடங்க வேண்டும். கலப்பவரின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்புக்குக் குறைந்ததன்று. உயிரியல் பாதுகாப்புப் பெட்டியில், கீமோவுக்கான கையுறையும் மேலங்கியும் அணிந்து கலக்க வேண்டிய மருந்தை, வார்டின் மேசைமீது சாதாரணக் கையுறையோடு செவிலியர் கலக்கும் வழக்கம் சிறிய மருத்துவமனைகளில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அந்த இளம்பெண்களில் கருவுற்றிருப்பவர்களும் இருப்பார்கள். மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அப்படிக் கலக்கப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

ஊசி நாளன்று காலை எடுத்த இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் 1,500க்கும் தட்டணுக்கள் 1 லட்சத்துக்கும் குறையாமல் இருந்தால்தான் ஊசி. குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்துவிட்டோமே என்று வற்புறுத்தக் கூடாது. ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் திசு வெந்துபோகும் அபாயம் இந்த மருந்துக்கு இல்லை என்பது நரம்பு எளிதில் கிடைக்காத முதியவர்களுக்கு ஆறுதல்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு கவனிக்க வேண்டிய காலம் ஊசிக்குப் பின் எட்டாம் நாளை ஒட்டி வருகிறது, வெள்ளையணுக்கள் அப்போதுதான் தாழ்ந்த நிலையை அடைகின்றன. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்பது பலருடைய உயிரைப் பறித்த முடிவு. வாய்ப்புண் வந்து தண்ணீர்கூட இறங்காமல் போவதும், வயிற்றுப்போக்கு நிற்காமல் நாக்கு வறள்வதும் உடனடியாகக் காட்ட வேண்டியவை, ஏனெனில் உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதித்து அதன் வழியே நச்சு மேலும் கூடும். புதிதாக வரட்டு இருமலோ மூச்சுத் திணறலோ தோன்றினால் அதைப் பழைய நோயின் தொடர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தே நுரையீரல் திசுவை அழற்சியடையச் செய்வதுண்டு, பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சையும் உடன் சேர்ந்தால் அந்தச் சாத்தியத்தைக் கூடுதலாக மனத்தில் கொள்ள வேண்டும். முன்பு கதிர்வீச்சு பெற்ற இடத்தில் தோல் திடீரென்று சிவந்து வெந்ததுபோல் ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும் என்பதால் கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிடுவதும், துணிகளைத் தனியாகத் துவைப்பதும், துப்புரவு செய்பவர் கையுறை அணிவதும் வீட்டாரைக் காக்கும். சிகிச்சை பெறும் பெண்கள் கடைசி ஊசிக்குப் பின் ஆறு மாதமும் ஆண்கள் மூன்று மாதமும் கருத்தடை முறைகளைக் கையாள வேண்டும். இதை இளம் தம்பதியரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

விலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தை நகை விற்கவைத்த மருந்து இது. இந்திய நிறுவனங்கள் பலவும் இதைத் தயாரிக்கத் தொடங்கியதும், 2019இன் தொடக்கத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 சதவீத வரம்பு விதித்ததும் நிலைமையை மாற்றின. சில தயாரிப்புகளின் அச்சிட்ட விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தரத்தில் இந்தியத் தயாரிப்புகளைப் பற்றி என் அனுபவத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. கரைவதிலும் நிறத்திலும் அவை சீராகவே இருக்கின்றன. எனினும் வெளியில் வாங்கி வரும்படி மருத்துவமனை சொன்னால், இரசீதுடன் வாங்குவதும், குப்பியில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இரசீதில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், காலிக் குப்பியின் அட்டையைச் சுழற்சி முடியும்வரை வைத்திருப்பதும் நல்ல பழக்கங்கள்.

என் பெரிய குறை குறிப்பேட்டின்மீது. நான் பிரித்த பெட்டிகளில், நுண்ணெழுத்து ஆங்கிலத்தில் மடித்து வைக்கப்பட்ட தாள் ஒன்று இருக்கிறதே தவிர, ஃபோலிக் அமிலம் எப்போது, பி12 எப்போது, டெக்ஸாமெத்தசோன் எந்தெந்த வேளை என்று நோயாளி தேதியிட்டு நிரப்பிக்கொள்ளும் ஒரு தமிழ் அட்டையை நான் கண்டதில்லை. முதல் ஊசிக்கு ஏழு நாள் முன்னதாகவே மாத்திரையைத் தொடங்க வேண்டியிருப்பதால், அந்த அட்டை ஊசிப் பெட்டியோடு வந்தால் அது காலம் கடந்த உதவிதான். அட்டை புறநோயாளிப் பிரிவிலேயே கொடுக்கப்பட வேண்டும். மருத்துவமனைகள் அதை அச்சிட ஆகும் செலவு ஒரு சிறிய குப்பியின் விலைக்கு அருகில்கூட வராது.

சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்தோடு நான்கு சுழற்சி முடிந்தபின், நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் பெமெட்ரெக்செட் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. நோயெதிர்ப்பு மருந்தும் சேர்ந்த சோதனையில், ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தோர் 69.2 சதவீதம், சேராதவர்களில் 49.4 சதவீதம் என்று 2018இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆகவே இந்த ஊசியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நீண்ட காலத்தில்தான் கவனம் தளர்கிறது. கண்ணில் நீர் வடிதல், கால் வீக்கம், விலகாத அசதி ஆகியவை மெல்ல வருகின்றன. கிரியாட்டினினும் சுழற்சிக்குச் சுழற்சி தசமத்தில் ஏறுகிறது. 0.8 இருந்தது 0.9 ஆகி, 1.0 ஆகி, 1.2 ஆகும்போது எந்த ஒரு சீட்டும் தனியாகப் பார்க்க அச்சுறுத்தாது. எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால்தான் ஏற்றம் புலப்படும். பி12 ஊசியின் ஒன்பது வாரமும் இந்தக் காலத்தில்தான் மறந்துபோகிறது. சிகிச்சையை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டாலும் ஃபோலிக் அமிலத்தை அன்றே நிறுத்திவிடக் கூடாது. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து 21 நாள்வரை அது தினமும் தொடர வேண்டும்.